தீராத அடிவயிற்று வலி: தேத்தண்ணியை விடத்தான் வேணுமா?

சாரல்மழை (ஹட்டன் பக்கம்), ஞாயிறு இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது, பாடசாலை ஆசிரியை. மூன்று வருசமாக அடிவயிற்றில் வலி. தொப்புளுக்குக் கீழே ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். சிறுநீர் நிறைய நிறையக் கூடும். போய்விட்டு வந்தால் அரை மணித்தியாலம் சுகம், திரும்பவும் அதே கதைதான். இரவில் நாலு தடவையாவது எழும்புகிறேன்.

முதல் ஒன்றரை வருசம் இதை யூரின் இன்பெக்‌ஷன் என்றே நினைத்தோம். ஆறு தடவை அன்டிபயோட்டிக் குடித்தேன். சிறுநீரில் கிருமி வளருதா என்று கல்ச்சர் செய்த ஒவ்வொரு முறையும் ஒன்றும் முளைக்கவில்லை என்றுதான் ரிப்போட் வந்தது. அப்புறம் ஒரு பெரிய டொக்டர் சிறுநீர்ப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்து, இது கிருமி இல்லை, சிறுநீர்ப்பை வலி நோய் என்றார். மாத்திரை தந்தார். வரும்போது மிஸ்ஸி (தாதி) ஒரு தாளையும் கையில் தந்தார், சாப்பிடக் கூடாதவை என்று. கோப்பி, தேயிலை, தக்காளி, தேசிக்காய், தோடம்பழம், அன்னாசி, மிளகாய், சோடா, சொக்லட், தயிர், வினாகிரி, இன்னும் ஒரு பக்கம்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினேன். இப்போது இரண்டு மாதம். சோறு, கரட், உருளைக்கிழங்கு, போஞ்சி, அவித்த முட்டை. நாலு கிலோ இறங்கிவிட்டேன். வலி கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் எதை விட்டதால் குறைந்தது என்று தெரியவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை நான். அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் அம்மா முதலில் செய்வது கேத்தலை அடுப்பில் வைப்பதுதான். "வேணாம்மா" என்று சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கோப்பையைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். அது மனதில் கிடக்கிறது.

இந்த நோயோடு பல வருசம் இருப்பவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒத்துவராத சாமானை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தேத்தண்ணியைக் கடைசிவரை விடத்தான் வேணுமா?

பதுளைக்காரி, ஞாயிறு இரவு 10.45

தங்கச்சி, அந்தத் தாளை நானும் 2016இல் வாங்கினேன். ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே பாதி உடம்பு போனது. எனக்கும் உங்கள் நோய்தான்.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பலருடைய தொந்தரவுகளை ஒன்றாகக் கூட்டி எழுதியது. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த நோய் உள்ளவர்களிடம் கேட்டபோது பத்துக்கு ஒன்பது பேர் ஏதோ ஒரு சாப்பாட்டால் வலி கூடுவதாகச் சொன்னார்கள். கோப்பி, தேயிலை, சோடா, மதுபானம், புளிப்புப் பழங்கள், தக்காளி, உறைப்பு, செயற்கை இனிப்பு என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் எல்லாமே எல்லோருக்கும் ஆகாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. எனக்குத் தக்காளி ஒன்றும் செய்யாது. ஒரு துண்டு அன்னாசி போதும், இரவு முழுக்க நித்திரை இல்லை.

நான் செய்தது இதுதான். வலி ஓரளவு அடங்கியிருக்கிற இந்த நேரம் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. இப்போது ஒவ்வொரு சாமானாகத் திரும்ப உள்ளே எடுங்கள். முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் அதைவிடக் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு. அந்த மூன்று நாளும் வேறு புதிதாக ஒன்றையும் தொடக் கூடாது. ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்றே விசயம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வலி பத்துக்கு எத்தனை. எனக்கு ஆகாததைச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் காட்டிவிடும். சிலருக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

இன்னும் ஒன்று, யாரும் எனக்குச் சொல்லித் தராதது. மாதவிலக்குக்கு முந்திய கிழமை ஒரு புதுச் சாமானையும் பரீட்சை பண்ணாதீர்கள். அந்த நாட்களில் வெறும் சோறு சாப்பிட்டாலும் எனக்கு ஏழு எட்டு வரும். கத்தரிக்காய்தான் காரணம் என்று ஒரு வருசம் அதை ஒதுக்கி வைத்திருந்தேன். கொப்பியைத் திருப்பிப் பார்த்தால், கத்தரிக்காய் எழுதின எல்லா நாளும் மாதக் கடைசி, எனக்கு விலக்கு வருகிற நாட்கள்.

என்னுடைய உண்மையான எதிரி எது தெரியுமா? விட்டமின் சி. கொரோனா காலத்தில் தினமும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரை எல்லோர் வீட்டிலும் இருந்ததல்லவா? உடம்புக்கு நல்லது என்று எட்டு மாதம் குடித்தேன். அது சுத்தமான புளிப்பு. அதை நிறுத்திப் பத்தாம் நாள் முழு இரவு தூங்கினேன். மருந்துப் பெட்டியையும் சாப்பாட்டுத் தட்டாகவே பாருங்கள்.

மஸ்கெலியா ஆச்சி, திங்கள் காலை 6.10

பேரப்பிள்ளைதான் டைப் பண்ணித் தருகிறான். பிள்ளே, இது உடம்புச் சூடு. எங்கள் காலத்தில் இப்படி வந்தால் கொத்தமல்லியை இடித்து அவித்துக் குடிப்போம், பார்லித் தண்ணி குடிப்போம், இரவில் வெந்தயம் ஊறப்போட்டு விடியக் காலையில் முழுங்குவோம். செவ்விளநீர் கிடைத்தால் வெறும் வயிற்றில். மிளகாயைக் குறை. இந்தத் தாள் எல்லாம் எதற்கு? புளியும் உறைப்பும் சூடு என்று நாங்கள் எப்பவோ சொன்னதுதானே அதில் எழுதியிருக்கிறது.

தாயிடம் கோப்பையைக் கவிழ்க்க வைக்காதே. வெந்நீரையாவது வாங்கிக் குடி. கையால் கொடுக்கிறதை வாங்கிக்கொள்.

மூணுசில் தம்பி (நாவலப்பிட்டி), திங்கள் பகல் 1.30

இது பொம்பளைகள் கதைக்கிற இடம் என்று நேற்று இரவு வாசித்துவிட்டு ஒதுங்கி இருந்தேன். ஆனாலும் எழுதத்தான் வேணும், ஏனென்றால் என்னைப் போல இன்னும் பேர் இருப்பார்கள். எனக்கு 29. ஓட்டோ ஓடுகிறேன். விதைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு வலி, உட்கார்ந்தால் கோல்ஃப் பந்தின்மேல் உட்கார்ந்த மாதிரி. ஒரு வருசம் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஏதோ கெட்ட வியாதி என்று வீட்டில் நினைப்பார்களோ என்று பயம். பரிசோதனை எல்லாம் செய்து, புரொஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) பக்கத்து நாட்பட்ட வலி, தொற்று இல்லை என்றார்கள்.

ஆண்களைக் கேட்டுச் செய்த ஆய்வும் இருக்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சாப்பாட்டால் கூடுது என்றார்கள். உறைப்பு, கோப்பி, தேத்தண்ணி, மதுபானம். எனக்கு இரண்டு: கொச்சிக்காய், அப்புறம் இஞ்சி சோடா. ஸ்டாண்டில் நின்றால் பகலுக்கு ஒரு போத்தல் இஞ்சி சோடா, இரண்டு உறைப்பு வடை. அதை நிறுத்திவிட்டுத் தண்ணிப் போத்தலும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டேன். வலி ஆறிலிருந்து மூன்றுக்கு வந்தது.

மிச்ச மூன்று சாப்பாட்டில் இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து தலவாக்கலைக்கு ஒரு ஹயர் போய் வந்தால் அன்றைக்கு எதைச் சாப்பிட்டாலும் வலிதான். இப்போது முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கி நிற்கிறேன். சீட்டில் நடுவில் வெட்டின மெத்தை வைத்திருக்கிறேன்.

அக்கா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு மூன்று நாள் போகாவிட்டால் வலி நிச்சயம்.

சாரல்மழை, திங்கள் இரவு 8.00

தம்பி, எழுதினதுக்கு நன்றி. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர் (ஆண் ஆசிரியர்) இப்படித்தான் உட்கார முடியாமல் நிற்கிறார். யாருக்கும் காரணம் தெரியாது. இந்த இழையை அவருக்குக் காட்டுவேன்.

மலச்சிக்கல் இருக்கிறது. இரண்டு மாதமாக வெறும் சோறும் கிழங்கும்தானே.

பதுளை அக்கா, நான் இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டமின் சியும் குடிக்கிறேன். கிளினிக்கில் சேர்த்துத்தான் தந்தார்கள். இப்போதுதான் போய் டப்பாவைப் பார்த்தேன்.

மிஸ்ஸியம்மா (ஓய்வு), செவ்வாய் காலை 10.15

நான் 31 வருசம் தோட்டப் பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். டொக்டர் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

மகள், முதலில் மாத்திரை. இரும்பை நீங்களாக நிறுத்த வேண்டாம். விட்டமின் சியை மட்டும் விடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். இரும்பு மலச்சிக்கலையும் கொண்டுவரும், அதையும் சொல்லுங்கள், மாற்றுத் தருவார்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஆகையால் தேத்தண்ணியைத் திரும்பத் தொடங்கினாலும் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளியே வையுங்கள். எங்கள் பெண்கள் ரொட்டியையும் தேத்தண்ணியையும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். இரத்தச் சோகை எங்கே போகும்?

இரண்டாவது, இதைத்தான் நான் எழுத வந்தது. இங்கே எல்லோரும் என்ன குடிக்கக் கூடாது என்று கதைக்கிறீர்கள். நான் பார்த்த பெண்களில் எத்தனையோ பேருக்கு வருத்தம் குடிக்காததால். காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போய் மலைக்கு ஏறினால் பின்னேரம் வரை அங்கே ஒதுங்க இடம் கிடையாது. ஆண் கங்காணி நிற்பார், அட்டை, பாம்பு, மழை. அதனால் என்ன செய்வார்கள்? காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணி, அதற்குப் பிறகு பகல் வரை ஒரு மிடறு தண்ணி கிடையாது. வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். பல வருசம் இப்படி. சிறுநீர் கடுஞ்சாயமாக வரும். ஏற்கனவே புண்பட்ட பைக்கு அந்தக் கடுப்பான சிறுநீரே போதும். அடக்கி அடக்கி இடுப்புத் தளத்துத் தசை (சிறுநீர்ப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்குகிற தசை) இறுகிப்போகும், கையை முறுக்கி வைத்துக்கொண்டு பத்து வருசம் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

ஒரு அம்மா, ஐம்பது வயது, எந்த நேரமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் அவரிடம் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவிக் கொடுத்து, பத்து மணிக்கு முன்னால் இதைக் குடித்து முடி, கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வரும்போது போய்விட்டுத் திரும்பு என்றேன். ஒரே மடக்காகக் குடிக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. அதிலேயே அவருக்குப் பாதி வித்தியாசம் தெரிந்தது. மலைக்கு மலை கழிப்பறை வேணும் என்று நான் வேலையில் இருந்த காலம் முழுக்க எழுதினேன். இன்னும் எழுதுவேன். இது குடிக்கிறவளின் ஒழுங்கு மட்டும் இல்லை.

ஆசிரியைகளும் இதே மாதிரித்தான். பாடம் முடியும்வரை அடக்குவீர்கள். எனக்குத் தெரியும்.

இந்த அறிகுறிகள் இருந்தால் கொப்பி எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே போங்கள்: சிறுநீரில் இரத்தம், குளிர்க்காய்ச்சலோடு முதுகு வலி, சிறுநீர் அடைத்துக்கொள்வது, காரணம் இல்லாமல் மெலிவது, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம், உறவுக்குப் பிறகு இரத்தம். நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீரென்று ஒரு பக்கம் குத்தினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 35 வயது வந்ததும் எம்.ஓ.எச். ஒபிஸில் (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம்) பெண்களைப் பரிசோதிக்கிற வெல் வுமன் கிளினிக்குக்கும் போங்கள், இலவசம்.

பேராதனைப் பிள்ளை, செவ்வாய் இரவு 11.05

மிஸ்ஸியம்மா, எங்கள் அம்மாவும் மலைக்குப் போகிறவர். நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். "இதைக் கேட்க ஒரு ஆள் இருந்திருக்கு" என்றார்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய மாதிரியான திசு வெளியே வளர்கிற நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பதினான்கு வயதில் தொடங்கின வலிக்கு இருபத்திரண்டில்தான் பெயர் கிடைத்தது. அதுவரை "பொம்பளைப் பிள்ளை என்றால் அப்படித்தான்."

எனக்குத் தேத்தண்ணி, தேசிக்காய் எதுவும் பிரச்சினை இல்லை. வயிறு ஊதிக்கொண்டு குடல் வலிக்கும், குடல் வலித்தால் கருப்பையும் சேர்ந்து வலிக்கும். இரண்டுக்கும் போகிற நரம்புகள் முதுகுத்தண்டில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. சிறுநீர்ப்பையும் அங்கேதான். ஒன்று கத்தினால் மற்றதும் கத்தும். எனவே உங்கள் வலி எந்த உறுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று முதலில் பாருங்கள் அக்கா. சிறுநீரோடு கூடுகிற வலிக்கு ஒரு பட்டியல், ஊதலோடு கூடுகிற வலிக்கு வேறு பட்டியல்.

ஊதல் உள்ளவர்களுக்கு அவுஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கின சாப்பாட்டு முறை ஒன்று இருக்கிறது, ஃபொட்மாப் குறைப்பு என்பார்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்து வாயு உண்டாக்குகிற மாச்சத்துகளைக் கொஞ்ச நாள் குறைப்பது. அதில் முதலாவதாக வெட்டுப்படுவது எங்கள் சமையலின் உயிர்: வெங்காயம், உள்ளி, கோதுமை மா, பருப்பு, கடலை, பால். அழுதே விட்டேன். ஆனால் அது இரண்டிலிருந்து ஆறு கிழமைக்குத்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க வேணும். எனக்குக் கடைசியில் மிஞ்சினது பெரிய வெங்காயமும் கடலையும் மட்டும். கோதுமை ரொட்டி ஒன்று தாங்குகிறது, மூன்று தாங்காது. பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, வேறு தண்ணியில் அவித்தால் ஒரு கரண்டி சரி. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போட்டுத் தாளித்தால் மணம் வருகிறது. லீக்ஸின் பச்சை இலையும் அப்படியே. நுவரெலியா லீக்ஸ் இங்கே மலிவு, அந்த வகையில் அதிர்ஷ்டம்.

இடுப்புத்தளம் (மாத்தளை), புதன் காலை 7.50

மன்னிக்க வேணும், நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன். இரண்டு வருசம் கொப்பி எழுதினவள் நான். எழுதி எழுதி ஒவ்வொரு கவளத்தையும் பயந்து பயந்து வைத்தேன். கல்யாண வீட்டில் ஒரு வாய் சாப்பிட முடியாமல் அழுதிருக்கிறேன். கடைசியில் ஒரு பிஸியோதெரபிஸ்ட் மிஸ்தான், உள்ளே தசை கல்லு மாதிரி இறுகி இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் எல்லோரும் எனக்குச் சொன்னது "இறுக்கிப் பிடி, விடு" பயிற்சி. இறுகின தசையை இன்னும் இறுக்கினால் என்ன ஆகும்? அவர் தளர்த்தப் பழக்கினார். மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை வயிற்றின் அடிவரை இறக்குவது. நாலு மாதத்தில் வலி பாதி. இப்போது நண்டுக் குழம்பும் சாப்பிடுகிறேன்.

சாப்பாடு காரணமே இல்லை என்று சொல்லவில்லை. பயத்திலும் தசை இறுகும் என்கிறேன். தங்கச்சி நாலு கிலோ குறைந்ததை வாசித்து மனசு கேட்கவில்லை.

பதுளைக்காரி, புதன் மதியம் 12.40

மாத்தளை அக்கா சொல்வதை நான் மறுக்க மாட்டேன். கொப்பி எழுதுவதற்கு ஒரு முடிவு நாள் வேணும். நான் மூன்று மாதத்தில் மூடினேன். அதற்குப் பிறகு வலி ஏறின நாளில் மட்டும் திறக்கிறேன்.

ஆனால் எனக்கும் உங்களுக்கும் ஒரே வலி இல்லை. நான் எதையும் யோசிக்காமல், யாரோ கொடுத்த அச்சாற்றில் அன்னாசி இருக்கிறது என்றே தெரியாமல் சாப்பிட்டும் இரவு பட்டிருக்கிறேன். அதைப் பயம் என்று சொல்ல முடியாது.

மஸ்கெலியா ஆச்சிக்கும் ஒரு வார்த்தை. கொத்தமல்லித் தண்ணி எனக்கும் நல்லாகவே ஒத்துக்கொண்டது, பார்லியும் அப்படியே. செவ்விளநீர் மட்டும் எனக்கு எரிச்சலைக் கூட்டியது, ஆச்சி கோபிக்கக் கூடாது. அப்புறம் எல்லோருக்கும்: "நீர்க்கடுப்புக்கு நல்லது" என்று யாராவது பிலிம்பிக்காய்ச் சாறு, காமரங்காச் சாறு என்று வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் தந்தால் குடிக்காதீர்கள். அதில் ஒக்சலேட் என்கிற, சிறுநீரகத்தில் படிகிற உப்பு அதிகம். அப்படிக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் எங்கள் நாட்டிலேயே உண்டு.

மஸ்கெலியா ஆச்சி, புதன் மாலை 5.30

எனக்கு என்ன கோபம். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட வேண்டியதுதான்.

சாரல்மழை, நாலு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு இரவு 8.15

எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கிளினிக்கில் கேட்டு விட்டமின் சியை நிறுத்தினேன். இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார்கள். முதல் பாடத்துக்கும் இடைவேளைக்கும் நடுவில் அரைப் போத்தல் தண்ணி என்று வைத்துக்கொண்டேன். அதிபரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன், மூன்றாம் பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிசம் எனக்கு வேணும் என்று. பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார்.

முதலில் பரீட்சை பண்ணினது தக்காளி. ஒன்றுமில்லை! மூன்று நாளும் வலி இரண்டு, மூன்று, இரண்டு. இரண்டு மாதம் தக்காளி இல்லாமல் சோறு சாப்பிட்டேன் என்று நினைத்தால் அழுகை வருகிறது. தயிரும் பாதகமில்லை.

பிறகு சம்பல். காலை ரொட்டிக்குச் சம்பல் இல்லாமல் எப்படி? அதனால் சம்பலைப் பிரித்தேன். முதலில் தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு மட்டும் போட்டு அம்மியில் ஒரு இழுப்பு. வெள்ளையாக, சாமிக்குப் படைக்கிற மாதிரி இருந்தது. வலி இல்லை. நாலாம் நாள் அரைச் செத்தல் மிளகாய், பிறகு ஒன்று. ஒன்று வரை தாங்குகிறது. இரண்டு வைத்த அன்று பின்னேரம் ஏழுக்குப் போனது. தேசிக்காய் இன்னும் தொடவில்லை.

கடைசியாகத் தேத்தண்ணி. இங்கே ஒன்று சொல்ல வேணும். முதல் தடவை ஒரே நாளில் நிறுத்தினேன் என்றேனே, அப்போது இரண்டாம் நாளிலிருந்து ஒரு கிழமை மண்டையைப் பிளக்கிற தலைவலி. அது இந்த நோயின் ஒரு பகுதி என்று நினைத்தேன். இல்லை, கஃபீனை ஒரேயடியாக விட்டதால் வருவது அது. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை குடித்தவள் நான். யாராவது நிறுத்த நினைத்தால் இரண்டு நாளைக்கு ஒருக்கா ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வாருங்கள்.

அம்மா போடுவது டஸ்ட் தேயிலை. தூள் பொடியாக இருப்பதால் கண் மூடித் திறப்பதற்குள் சாயம் இறங்கிவிடும், அதையும் அம்மா அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவார். யாரோ முதல் தண்ணியைக் கொட்டிவிட்டால் கஃபீன் போய்விடும் என்றார்கள். அப்படிப் போவது கொஞ்சம்தான். அதனால் நானே கடையில் பெரிய இலைத் தேயிலை வாங்கி, சுடுதண்ணியில் ஒரு நிமிசம் மட்டும் ஊறவிட்டு வடித்தேன். முதல் நாள் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு குடித்தேன். வலி மூன்று. அடுத்த நாள் அரைக் கோப்பை. மூன்று. மூன்றாம் நாள் முழுக் கோப்பை. இரவு மூன்று தடவை எழும்பினேன், வலி ஆறு.

ஆக என் கணக்கு அரைக் கோப்பை, அதுவும் வயிறு வெறுமையாக இல்லாத நேரம், கூடவே ஒரு டம்ளர் தண்ணி.

மூணுசில் தம்பி, ஞாயிறு இரவு 9.00

அக்கா, அரைக் கோப்பை பெரிய விசயம். நான் உறைப்பு வடையைக் கிழமைக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன், ஞாயிறு பின்னேரம், திங்கள் ஓட்டம் குறைவு என்பதால். அந்த சேர் வாசித்தாரா?

சாரல்மழை, ஞாயிறு இரவு 9.40

வாசித்தார் தம்பி. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஃபோனில் பிஸியோதெரபி கிளினிக் எந்தக் கிழமை என்று என்னிடம் கேட்டார்.

இடுப்புத்தளம், ஞாயிறு இரவு 10.10

தங்கச்சி, எடை?

சாரல்மழை, ஞாயிறு இரவு 10.25

ஒன்றரைக் கிலோ திரும்பி வந்திருக்கிறது அக்கா. நீங்கள் சொன்ன மூச்சுப் பயிற்சியை இரவில் செய்கிறேன், கீழ்வயிற்றில் சுடுதண்ணிப் பை வைத்துக்கொண்டு. குளிருக்கும் அது சுகம்.

நேற்று வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் அரைக் கோப்பை போதும்மா, கொதிக்க விடாமல் ஊற்றுங்கள் என்றேன். இவ்வளவு வெளிறின தேத்தண்ணியை அவர் வாழ்க்கையில் போட்டதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு" என்றார். பிறகு மிஸ்ஸியம்மா எழுதினதை வாசித்துக் காட்டினேன். கழுவின போத்தல், பத்து மணி, மடுவம், எல்லாம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கும் பதினைந்து வருசமாக அந்த வலி இருக்கிறதாம். எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

அம்மாவுக்கு 58. வருகிற செவ்வாய் லீவு போட்டு நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். அவருடைய கூடையில் வைக்க ஒரு போத்தல் வாங்கியிருக்கிறேன்.

மிஸ்ஸியம்மா, அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஏழு வருசம், இரத்தம் ஒன்றும் இல்லை என்கிறார். முதலில் எந்தப் பரிசோதனை கேட்க வேணும்?

மிஸ்ஸியம்மா (ஓய்வு), திங்கள் காலை 6.45

யூரின் ஃபுல் ரிப்போட்டும் கல்ச்சரும், சீனி, இரத்தம் எவ்வளவு என்று ஒரு டெஸ்ட், வயிற்று ஸ்கேன். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். வலி எப்போது கூடும், எப்போது குறையும் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளே போனால் அம்மாமார் "ஒன்றுமில்லை டொக்டர்" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் மகள்.